மறைந்த தொகுதியும் மறையாத பிரதிநிதியும்

கோயிலுக்குத் தலபுராணம் உண்டு. குளத்துக்குக் கல்வெட்டு உண்டு. பழைய வமிசங்களுக்குக் கொடிவழி உண்டு. தேர்தல் தொகுதிக்கு மட்டும் வரலாறு எழுதுவார் அரியர். அது பிறக்கும்போது வர்த்தமானியில் ஒரு பக்கம். மறையும்போது இன்னொரு பக்கம். இடையிலே அத்தொகுதியின் பெயரால் ஒருவர் சபையில் எழுந்து நின்று பேசியதும், அப்பேச்சினால் நாட்டின் போக்கு ஒரு கணமேனும் திரும்பியதும் நூற்கூடத்து அடுக்குகளில் உறங்குகின்றன. அவ்வாறு உறங்கும் ஒரு தொகுதியையும், அதன் கடைசிப் பிரதிநிதியாக இருந்த ஒரு பெரியாரையும் இம்மலரின் வாயிலாக நம் இளைஞருக்கு நினைவூட்ட விழைகின்றோம். தொகுதி, பழைய அரசாங்க சபையின் திருக்கோணமலை–மட்டக்களப்புத் தொகுதி. பெரியார், நல்லையா மாஸ்டர் என்று மக்கள் அன்போடு அழைத்த வி. நல்லையா அவர்கள்.

டொனமூர் ஆணைக்குழுவினரின் சிபாரிசின்படி 1931 ஆம் ஆண்டில் இலங்கையில் அரசாங்க சபை தோன்றியது. அதுவரை இருந்த சட்ட நிரூபண சபைக்கு வாக்களிக்கச் சொத்தும் வருமானமும் கல்வியும் வேண்டியிருந்தன. அவ்வேலி 1931 இல் அகற்றப்பட்டது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு என்றாயிற்று. இங்கிலாந்திலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமையைப் பெற்றது 1928 இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இம்மாற்றத்தின் பெருமை விளங்கும். தம்பலகாமத்து வயலில் நாற்று நட்ட பெண்ணுக்கும், கொட்டியாரக் குடாவில் வலை வீசியவருக்கும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவருக்கும் அன்றுதான் முதன்முதலாக நாட்டின் ஆட்சியில் ஒரு பங்கு கிடைத்தது. எழுத்தறியாதார் பலராகையால் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வகுக்கப்பட்டது. அந்நிறப் பெட்டியில் வாக்குச்சீட்டை இடுவதே அக்கால வழக்கம். பெயரை வாசிக்கத் தெரியாதவரும் நிறத்தை அறிவர் அல்லவா?

சபையின் அங்கத்தவர் அறுபத்தொருவர். அவர்களுள் ஐம்பதின்மர் மக்களாற் தெரிவு செய்யப்பட்டோர். எண்மர் நியமனம் பெற்றோர். மூவர் அரசாங்க உத்தியோகத்தர். தெரிவுக்குரிய ஐம்பது தொகுதிகளுள் ஒன்றுதான் நம் தொகுதி. திருக்கோணமலை மாவட்டமும், அதற்குத் தெற்கே மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியும் இதில் அடங்கின. மட்டக்களப்பின் தென்பகுதி வேறொரு தொகுதியாயிற்று.

இத்துணைப் பெரிய நிலப்பரப்புக்கு ஒரே பிரதிநிதி எவ்வாறு போதும் என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். திருக்கோணமலையிலிருந்து கரையோரமாக மட்டக்களப்புக்குச் செல்ல விரும்பியவர் அந்நாளில் கிண்ணியாவிலும் வெருகலிலும் இடையிலும் துறைகளிற் காத்திருந்து பாதையேறிக் கடக்கவேண்டும். மகாவலி கங்கை பல கிளையாகக் கடலோடு கலக்கும் நிலம் அது. கிண்ணியாவுக்குப் பாலம் வந்ததே 2009 ஆம் ஆண்டில்தான். புகையிரதத்திற் போவதானாலோ உள்நாட்டிலுள்ள கல்லோயாச் சந்திவரை சென்று வண்டி மாறவேண்டும். ஒரே தொகுதியின் இரு தலைநகர்களும் அவ்வளவு தொலைவில் இருந்தன. ஆயினும் அவற்றைப் பிணைத்த கயிறு ஒன்று உண்டு. திருக்கோணமலை நகரத்துச் சைவரும், மூதூர், கிண்ணியா, ஏறாவூர் இஸ்லாமியரும், கரையோரத்துக் கத்தோலிக்கரும், மெதடிஸ்த சபையாரும் வீட்டிற் பேசிய மொழி தமிழே. பின்னால் நிகழ்ந்ததை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதற் தேர்தலிலே எம். எம். சுப்பிரமணியம் அவர்கள் இத்தொகுதியின் பிரதிநிதியானார். அவ்வேளையில் யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், டொனமூர்த் திட்டம் பூரண சுயாட்சியைத் தரவில்லை எனக் கூறித் தேர்தலைப் பகிஷ்கரித்தது. அதனால் வடக்கே நான்கு தொகுதிகள் 1934 வரை வெற்றிடமாய்க் கிடந்தன. அம்மூன்றாண்டுகளிலும் வடக்குக் கிழக்கின் குரலைச் சபையில் ஒலிப்பித்த சிலருள் நம் தொகுதியின் பிரதிநிதியும் ஒருவர். பகிஷ்காரம் செய்த இளைஞரின் தூய உள்ளத்தை நாம் போற்றுகின்றோம். எனினும் காலியான ஆசனம் எவருக்காகவும் பேசுவதில்லை என்பதும் அக்காலம் கற்பித்த பாடமாகும். 1936 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஈ. ஆர். தம்பிமுத்து அவர்கள் தெரிவானார். 1943 இல் ஆசனம் வெறிதாக, அவ்வாண்டு நடந்த உபதேர்தலில் நல்லையா அவர்கள் தெரிவு செய்யப்பட்டார்.

நல்லையா அவர்கள் 1909 ஆம் ஆண்டிற் பிறந்தவர். தொழிலால் ஆசிரியர். அக்காலத்து அரசியலில் முன்னணியில் நின்றோர் பெரும்பாலும் நியாயவாதிகளும் நிலக்கிழாருமாவர். அவர்களிடையே கரும்பலகையின் முன்னால் நின்று பழகிய ஒருவர் சபைக்குச் சென்றது புதுமையே. நியாயவாதி ஒரு வழக்கை வெல்வதைப் பற்றி எண்ணுவார். ஆசிரியரோ வகுப்பின் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளைக்கும் விளங்கிற்றா என்று எண்ணுவார். நல்லையா அவர்களின் பொதுவாழ்வு முழுவதிலும் இவ்வாசிரிய உள்ளத்தையே நாம் காண்கின்றோம். மந்திரிப் பதவிகளையும் பட்டங்களையும் பெற்றவர் பலரை மறந்துவிட்ட மக்கள், இவரை மட்டும் மாஸ்டர் என்ற ஒரு சொல்லால் நினைவில் வைத்திருப்பது தற்செயலன்று.

அவர் சபைக்குச் சென்ற காலம் இரண்டாம் உலகப் போரின் காலம். 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைமீது குண்டு பொழிந்தன. சீனன்குடாவின் எண்ணெய்க் குதமொன்று பற்றியெரிந்தது. அன்றே ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலிற் தாழ்ந்தது. ஈராண்டு கழிந்து 1944 இல் நம் துறைமுகம் பிரித்தானியாவின் கீழைத்தேயக் கடற்படைக் கப்பல்களால் நிறைந்திருந்தது. கடற்படைத் தளத்திலும் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் வழங்கிய மொழி ஆங்கிலமே. தம்மீது தொடரப்பட்ட வழக்கு எம்மொழியில் நடக்கின்றது என்றுகூட அறியாமற் கூண்டில் நின்றவர் எத்தனை பேர்! தாம் கையொப்பமிடும் உறுதியில் என்ன எழுதியிருக்கின்றது என்று அறியாமற் பெருவிரல் பதித்தவர் எத்தனை பேர்! அந்நிலை சிங்களக் கிராமத்திலும் தமிழ்க் கிராமத்திலும் ஒன்றே.

இக்குறையைப் போக்கும் நோக்கத்தோடு களனித் தொகுதியின் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்த்தனா அவர்கள் ஒரு பிரேரணையைக் கொணர்ந்தார். அவரும் 1943 இல் உபதேர்தல் ஒன்றினால் சபைக்கு வந்தவரே. அப்போது அவருக்கு நாற்பது வயதும் ஆகவில்லை. ஆங்கிலத்தை அகற்றிச் சிங்களத்தை நாட்டின் அரசகரும மொழியாக்க வேண்டும், பாடசாலைகளிற் போதனா மொழியாக்க வேண்டும், பொதுப் பரீட்சைகளிற் கட்டாய பாடமாக்க வேண்டும், சபையின் நடவடிக்கைகளையும் அம்மொழியில் நடத்த இடந்தரவேண்டும் என்பதே அவர் முதலிற் கொடுத்த அறிவித்தலின் சாரம். ஆங்கிலத்தின் ஆதிக்கத்தை எதிர்த்தவரையில் அது நியாயமான கோரிக்கை. ஆனால் அதிலே தமிழுக்கு இடம் இல்லை.

1944 மே 24 ஆந் திகதி அப்பிரேரணை விவாதத்துக்கு வந்தது. திருக்கோணமலை–மட்டக்களப்புப் பிரதிநிதி எழுந்து ஒரு திருத்தப் பிரேரணையைச் சமர்ப்பித்தார். சிங்களம் என்னும் சொல்லை அடுத்துத் தமிழையும் சேர்க்கவேண்டும் என்பதே அத்திருத்தம். சிங்களத்துக்கு எதிராக அவர் எழுந்தாரில்லை. ஆங்கிலமே தொடரட்டும் என்றும் கேட்டாரில்லை. ஒரு மொழி இருந்த இடத்தில் இரு மொழி இருக்கட்டும் என்றார்; அவ்வளவுதான். நம் இலக்கணத்திலே எண்ணும்மை என்று ஒன்றைப் படிக்கின்றோம். சிங்களமும் தமிழும் என்று சொல்லும்போது அவ்வும்மை இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. நல்லையா அவர்கள் அன்று கேட்டது அந்த உம்மையைத்தான்.

பிரேரணையைக் கொணர்ந்தவரே தமிழைச் சேர்ப்பதற்கு இணங்கினார் என்பதை இங்கே சொல்லல் நியாயம். சிங்கள மகா சபையின் தலைவராயிருந்த எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்கா அவர்களும் திருத்தத்தை ஆதரித்தார். வாக்கெடுப்பில் 29 பேர் ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். திருத்தப்பட்ட பிரேரணை 27 வாக்குகளால் நிறைவேறிற்று, எதிர்த்தவர் இருவரே. அறுபத்தொருவர் கொண்ட சபையிலே தமிழ் அங்கத்தவர் சிறு தொகையினர். ஆகவே இவ்வெற்றி எண்ணிக்கையின் வெற்றியன்று. நியாயத்தை எடுத்துரைத்த முறையின் வெற்றி. பிறருடைய உரிமையைக் குறைக்காமல் தம் மக்களின் உரிமையைக் கேட்டமையால், மறுக்க வந்தவருக்கும் மறுப்பதற்குக் காரணம் அகப்படவில்லை. கோரியவர் தமிழர், பயன்பெற இருந்தவரோ தமிழ் பேசும் சைவர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் அனைவருமாவர். பல சமயத்தவரின் வாக்கினால் வந்த பிரதிநிதிக்கு இத்திருத்தம் மிகப் பொருந்தியதே.

ஆயினும் சபையின் தீர்மானம் வேறு. நாட்டின் சட்டம் வேறு. தீர்மானத்தை நடைமுறைப்படுத்தும் வழியை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, 1946 இல் அதன் அறிக்கையும் வெளிவந்தது. பின்னர் சுதந்திரம் வந்தது; கந்தோர்களில் ஆங்கிலமே தொடர்ந்தது. உம்மையை அரசியலமைப்பிற் பதித்துவைக்க அன்று எவரும் முனைந்திலர். நல்லெண்ணம் நிலவும் காலத்திலே அதனைச் சாசனமாக்கிக் கொள்ளாவிடின், நல்லெண்ணம் கெடும் காலத்தில் கையில் எதுவும் இராது. இதுவே நாம் பெறும் கசப்பான பாடம்.

மொழியைப் பற்றிப் பேசியதோடு நல்லையா அவர்கள் நின்றுவிடவில்லை. அக்காலத்திலே கல்வி மந்திரி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 அக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப் பிள்ளைகளுக்காக மத்திய பாடசாலைகள் நாடெங்கும் எழுந்தன. கிழக்கு மாகாணத்தின் பழைய ஆங்கிலக் கல்லூரிகளுட் பெரும்பாலானவை மிஷனரிமாரால் நகரங்களில் நிறுவப்பட்டவை. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 இல் ஆரம்பமானது. மிஷன் பாடசாலையொன்றிற் கற்று வெளிவந்த நாம் அப்பாதிரிமாரின் தொண்டினை என்றும் மறவோம். அதுபோலவே சுவாமி விபுலாநந்தரும் இராமகிருஷ்ண மிஷனும் நம் நகரத்திலும் மட்டக்களப்பிலும் வளர்த்த பாடசாலைகளின் பெருமையும் நாடறிந்தது. எனினும் நகரத்துக்கு வர வழியில்லாத உழவன் மகனுக்கும் வனத்தோரக் கிராமத்துச் சிறுமிக்கும் உயர்கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது.

அக்குறையை உணர்ந்த நல்லையா மாஸ்டர், மட்டக்களப்பு நகரத்துக்கு வடக்கே வயல்களின் நடுவே உள்ள வந்தாறுமூலைக் கிராமத்தில் ஒரு மத்திய பாடசாலை எழுவதற்கு முன்னின்று உழைத்தார். பாடசாலை பிள்ளையைத் தேடிக் கிராமத்துக்குப் போகவேண்டும் என்பதை அச்செயலாற் காட்டினார். விடுதியிலே தங்கி அங்கு கற்றவர்களுட் பலர் பின்னர் ஆசிரியரும் கவிஞரும் கலைஞரும் அறிஞருமாகிக் கிழக்கிலங்கைக்குப் புகழ் சேர்த்தனர். சபையிலே தமிழுக்கு இடம் கேட்ட ஒருவர், அவ்விடத்தை நிரப்பத்தக்க மாணவரை உருவாக்கவும் வழிசெய்தார். கேட்பது ஒரு நாட் செயல். உருவாக்குவதோ ஒரு தலைமுறையின் செயல்.

1947 இல் சோல்பரித் திட்டத்தின்படி அரசாங்க சபை ஒழிந்து பாராளுமன்றம் வந்தது. கிழக்கு மாகாணம் திருக்கோணமலை, மூதூர், கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என ஏழு தொகுதிகளாக வகுக்கப்பட்டது. திருக்கோணமலை–மட்டக்களப்புத் தொகுதி பதினாறு ஆண்டு வாழ்ந்து மறைந்தது. நல்லையா அவர்கள் கல்குடாத் தொகுதியிற் தெரிவாகி 1956 வரை பிரதிநிதிகள் சபையில் அமர்ந்திருந்தார். திருக்கோணமலைத் தனித்தொகுதிக்கு முதலில் எஸ். சிவபாலன் அவர்களும், 1952 முதல் என். ஆர். இராஜவரோதயம் அவர்களும், அவருக்குப் பின் மாணிக்கராசா, நேமிநாதன், சம்பந்தன் ஆகியோரும் பிரதிநிதிகளாயினர். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் விகிதாசார முறைப்படி 1989 இல் நடந்த தேர்தலோடு அத்தனித்தொகுதியும் மறைந்து, மாவட்டத்தின் ஒரு வாக்கெடுப்புப் பிரிவாயிற்று.

1956 ஜூன் மாதம் சிங்களம் மட்டும் அரசகரும மொழி என்னும் மசோதா சபைக்கு வந்தது. அப்போது நல்லையா அவர்கள் சபையில் இல்லை. மசோதாவைக் கொணர்ந்த அரசாங்கத்தின் பிரதமரோ, 1944 இல் அவருடைய திருத்தத்தை ஆதரித்த பண்டாரநாயக்கா அவர்களே. காலிமுகத்திடலிலே அந்தச் சபைக் கட்டடத்தின் முன்னால்தான் 1956 ஜூன் 5 ஆந் திகதி தமிழ்ப் பிரதிநிதிகள் சத்தியாக்கிரகம் இருந்து அடியுண்டனர். பன்னிரண்டு ஆண்டுக்கு முன் உம்மை நிறைவேறிய அதே கட்டடத்தில் அது நீக்கப்பட்டது. அதன்பின் நிகழ்ந்த கலகங்களையும் போரையும் இடப்பெயர்வையும் நம் மூத்தோர் கண்ணாற் கண்டவர்கள். நாம் அவர்கள் வாயிலாக அறிந்தவர்கள். விரித்துரைக்க வேண்டியதில்லை.

நல்லையா அவர்கள் 1976 இல் இவ்வுலகை நீத்தார். நீத்துப் பதினோராண்டு கழிந்து, 1987 நவம்பரில், அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் 1944 இல் மூலப் பிரேரணையைக் கொணர்ந்த அதே ஜயவர்த்தனா அவர்கள். உம்மை மீண்டும் வந்துசேர நாற்பத்து மூன்று ஆண்டு சென்றது. இடையிலே எத்தனை உயிர், எத்தனை வீடு, எத்தனை இளமை! 1944 இல் நிறைவேறியதை அன்றே சட்டமாக்கிக் காத்திருந்தால் இவற்றுள் எவ்வளவு தப்பியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வந்தாறுமூலைப் பாடசாலையின் வரலாறும் இங்கே முடிவுறவில்லை. 1981 இல் அவ்வளாகத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 ஆம் ஆண்டின் கொடிய நாட்களில் பல்லாயிரம் அகதிகள் அங்கே தஞ்சம் புகுந்தனர். அவர்களுட் கொண்டுசெல்லப்பட்ட பலர் திரும்பவேயில்லை. அத்துயரத்தையும் தாங்கிக்கொண்டு அக்கல்விக்கூடம் எழுந்து நின்றது. அங்குள்ள மண்டபம் நல்லையா அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அப்பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம் நம் திருக்கோணமலையிலே கோணேசபுரியில் இயங்குகின்றது. பழைய தொகுதியின் இரு பகுதிகளையும் தேர்தல் வரைபடம் பிரித்துவிட்டது; கல்வி மீண்டும் பிணைத்துவிட்டது என்று சொல்லலாம்.

அன்பார்ந்த இளைஞர்காள்! இப்பெரியாரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு. முதலாவது, சிறு தொகையினராய் இருப்பது வாய் மூடியிருப்பதற்குக் காரணமாகாது. அறுபத்தொருவருள் ஒருவர் எழுந்து ஒரு சொல்லைச் சேர்க்கும்படி கேட்டார், சபை இணங்கிற்று. இரண்டாவது, பிறர் மொழியைத் தாழ்த்தித் தம் மொழியை உயர்த்த முயலாதவனின் சொல்லுக்கே நிலைத்த வலிமை உண்டு. மூன்றாவது, தீர்மானங்களை நிறைவேற்றிவிட்டு வீடு திரும்புதல் போதாது. நம் சங்கத்தின் கூட்டக் குறிப்புப் புத்தகத்திலும் தீர்மானங்கள் பல உண்டல்லவா? அவற்றுட் செயலானவை எத்தனை என்று நாமே எண்ணிப் பார்ப்பது நன்று.

மூத்தோரிடம் ஒரு விண்ணப்பம். அரசாங்க சபைக் காலத்துத் தேர்தல்களைப் பற்றித் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்டவற்றை, நிறப் பெட்டிகளையும் துறை கடந்து வந்த வேட்பாளரையும் பற்றிய செய்திகளை, இளையோருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இயன்றால் எழுதியும் வையுங்கள். வீட்டுப் பெட்டகத்திற் பழைய துண்டுப்பிரசுரமோ படமோ இருந்தால் கறையானுக்கு இரையாக விடாதீர்கள்.

தொகுதிகள் தோன்றும், மறையும். எல்லைகள் கூடும், குறையும். நம் மாவட்டமும் இனி எவ்வாறு பிரிக்கப்படுமோ, அறியோம். ஆனால் கடைசி வரிசைப் பிள்ளையை நினைந்து செய்யப்பட்ட பணி, வரைபடத்தை நம்பி வாழ்வதில்லை. வந்தாறுமூலையிலும் கோணேசபுரியிலும் ஒவ்வோராண்டும் புதிதாய் நுழையும் மாணவர் அப்பணியின் பயனை, அதைச் செய்தவர் பெயரை அறிந்தோ அறியாமலோ, அனுபவிக்கின்றனர். அறிந்து அனுபவிப்பது நன்றியுடையோர் இயல்பு. அந்நன்றிக்கு ஒரு சிறு துணையாக இக்கட்டுரை அமையுமாயின் அதுவே நமக்குப் போதும்.